பண்பாட்டு விழாக்களும் பன்முகத்தன்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெவ்வேறு மொழியும் சமயமும் வழக்கமும் உடைய மக்கள் அருகருகே வாழும் இடங்களில் பண்பாட்டு விழா நடத்த முன்வருபவர்களும், அதில் கலந்துகொள்ளத் தயங்குபவர்களும், அதற்குப் பணமோ இடமோ ஒதுக்கும் பொறுப்பில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறோம். விழா நல்லது என்று பொதுவாகப் பாராட்டிவிட்டு நகர்வது எங்கள் நோக்கமன்று. எது ஒரு விழாவை நல்லதாக்குகிறது, எங்கே அது தவறிப்போகிறது என்பதையே பார்க்க விரும்புகிறோம்.

பண்பாட்டு விழா என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு மக்கள் கூட்டம் தன் மொழி, நம்பிக்கை, பருவகாலம், உழைப்பு, முன்னோர் நினைவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை முன்னிட்டு, குறித்த நாளில், அன்றாட வேலையை நிறுத்திவைத்து, பலரும் காணக் கூடிச் செய்யும் கொண்டாட்டத்தைச் சொல்கிறோம். பல சமூகங்கள் சேர்ந்து புதிதாக உருவாக்கிக்கொள்ளும் பொது விழாவும் இதில் அடங்கும்.

தொட்டறிய முடியாத பண்பாட்டு மரபைப் பாதுகாப்பதற்காக யுனெஸ்கோ 2003-இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை, அந்த மரபை ஐந்து வகையாகப் பிரிக்கிறது: வாய்மொழி வழக்குகள், நிகழ்த்து கலைகள், இயற்கையைப் பற்றிய அறிவு, கைவினை, இவற்றோடு சமூக வழக்கங்களும் சடங்குகளும் விழாக்களும் சேர்ந்த ஒரு வகை. ஏட்டில் விழாவுக்குத் தனி இடம் கொடுத்திருந்தாலும், நடைமுறையில் மற்ற நான்கும் வந்து கூடும் இடம் விழாதான். பாட்டும் கதையும் ஆட்டமும் அலங்காரமும் நாள் குறிக்கும் அறிவும் தனித்தனியே அருங்காட்சியகத்தில் இருக்கலாம். அவை ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு உயிரோடு இருப்பதை விழாவில்தான் காண முடிகிறது.

ஒரு நாள் கூத்துக்கு இவ்வளவு பாடு எதற்கு?

இந்தக் கேள்வியை முதலில் எழுப்புபவர்கள் பெரும்பாலும் கணக்கு வழக்குப் பார்ப்பவர்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மாதக்கணக்கில் உழைத்து, பணத்தைச் செலவழித்து, ஒரே மாலையில் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுகிறோம். அந்த ஒரு நாளை மட்டும் எடைபோட்டால் கணக்கு ஒருபோதும் நேராகாது.

ஆனால் ஒரு விழா சமூகத்துக்குச் செய்யும் நன்மையின் பெரும்பகுதி அந்த நாளுக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. யார் மேடையை அமைப்பது, யார் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, வரவில் துண்டு விழுந்தால் யாரிடம் கேட்பது என்று மாலைதோறும் கூடிப் பேசும்போது, அதுவரை முகம் மட்டுமே தெரிந்திருந்த இருவர் ஒருவர் மற்றவரின் குணம் அறிந்தவர்களாகிறார்கள். எவர் சொன்ன நேரத்துக்கு வருவார், எவர் கோபப்பட்டாலும் கைவிடமாட்டார், எவர் வீட்டில் நோயாளி இருக்கிறார், எவரிடம் வண்டி இருக்கிறது என்பதெல்லாம் விழாக்குழுவில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பின்னர் வெள்ளமோ தீவிபத்தோ வேலையிழப்போ வரும்போது அந்த அறிமுகந்தான் உதவிக்கு ஓடிவருகிறது. இதைச் செலவுக் கணக்கில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாததனாலேயே இது இல்லாத ஒன்றாக எண்ணப்படுகிறது.

ஆகவே எங்கள் முதல் கருத்து இது: விழாவின் பயனை வந்த கூட்டத்தின் அளவைக் கொண்டு மட்டும் பார்க்காதீர்கள், அதற்காக எத்தனை பேர் சேர்ந்து உழைத்தார்கள், அவர்கள் எத்தனை விதமான வீடுகளிலிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் பணம் கொடுத்து முழுவதையும் நடத்தச் சொன்ன விழா எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் மறுநாள் அதில் மிஞ்சுவது குறைவு.

கூட்டமாகக் கொண்டாடும்போது மனத்தில் என்ன நேர்கிறது?

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம், ஆஸ்திரேலியத் தொல்குடிகளின் ஒன்றுகூடல்களைப் பற்றிப் பிறர் பதிவுசெய்திருந்தவற்றை ஆராய்ந்து, 1912-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். சிதறி வாழும் மக்கள் ஓரிடத்தில் கூடி, ஒரே தாளத்துக்கு அசைந்து, ஒரே குரலில் பாடும்போது, தனித்தனியாக எவரிடமும் இல்லாத ஓர் உணர்வெழுச்சி அவர்களிடையே பிறக்கிறது. தாம் ஒரு பெரிய முழுமையின் பகுதி என்பதை அப்போது அவர்கள் உடலாலேயே உணர்கிறார்கள் என்றார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மானிடவியலாளர் விக்டர் டர்னர், சடங்குகளின் நடுவே பதவி, செல்வம், வயது போன்ற வேறுபாடுகள் சிறிது நேரம் தளர்ந்து, மனிதர்கள் வெறும் மனிதர்களாக நேருக்கு நேர் நிற்கும் நிலையைப் பற்றி விரிவாக எழுதினார்.

இருவர் சொல்லிலும் ‘சிறிது நேரம்’ என்ற வரையறை அடங்கியிருக்கிறது. அந்த எழுச்சி தானாக நிலைத்திருப்பதில்லை. அதனால்தான் விழாக்கள் ஆண்டுதோறும் திரும்பி வருகின்றன.

வேறு சமூகத்தின் விழாவைப் பார்த்தால் அவர்களைப் பற்றிய தப்பெண்ணம் குறைந்துவிடுமா?

பார்த்தால் மட்டும் குறையாது என்பதே நேர்மையான விடை. இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும், ஏனெனில் நல்லெண்ணம் கொண்ட பல விழாக்குழுக்கள் இங்கேதான் ஏமாந்துபோகின்றன.

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் முன்வைத்த கருத்து இன்றுவரை இத்துறையின் அடித்தளமாக இருக்கிறது. இரு குழுவினர் சந்தித்துக்கொள்வதனால் பகைமை குறைய வேண்டுமானால் நான்கு நிலைமைகள் உதவும் என்றார் அவர்: சந்திப்பில் இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஓர் இலக்கு இருக்க வேண்டும், அதை அடையப் போட்டியின்றி ஒத்துழைக்க வேண்டும், சட்டமோ நிறுவனமோ ஊர்ப் பெரியவர்களோ அதற்கு ஆதரவாக நிற்க வேண்டும். தாமஸ் பெட்டிகுரூ, லிண்டா டிராப் ஆகிய இருவர் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட கட்டுரை, குழுக்களிடையிலான தொடர்பு பொதுவாகத் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்று காட்டியது. ஆல்போர்ட்டின் நான்கு நிலைமைகளும் கூடியிருந்தால் பயன் மிகுகிறது என்பதும், அவை முழுமையாக இல்லாதபோதும் ஓரளவு பயன் இருக்கிறது என்பதும் அதில் தெரியவந்தன.

இந்த அளவுகோலை ஒரு சாதாரண விழா மேடைக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு சமூகம் ஆடுகிறது. இன்னொன்று நாற்காலியில் அமர்ந்து கைதட்டுகிறது. இதில் ஒத்துழைப்பு எங்கே? பொது இலக்கு எது? ஆடுபவர் காட்சிப்பொருளாகவும் பார்ப்பவர் நடுவராகவும் ஆகிவிட்டால் சம நிலையும் இல்லை. கைதட்டியவர் வீட்டுக்குத் திரும்பியதும், ‘அவர்கள் நன்றாக ஆடுகிறார்கள்’ என்ற ஒரே வாக்கியத்தைத்தான் எடுத்துச் செல்வார். அது அன்பான வாக்கியந்தான். ஆனால் ‘அவர்கள்’ என்ற சொல் அதில் அப்படியே இருக்கிறது.

அதே இருவரும் மேடைக்குப் பின்னால் விளக்குக் கம்பியை ஒன்றாக இழுத்துக் கட்டியிருந்தால், நான்கு நிலைமைகளும் யாரும் திட்டமிடாமலேயே கைகூடியிருக்கும். பல சமூகங்கள் சேரும் விழாவில் நிகழ்ச்சி நிரலைவிட வேலைப் பங்கீட்டுக்கு நாங்கள் மிகுந்த முக்கியத்துவம் கொடுப்பதற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் பார்வையாளராக வருவதில் பயனே இல்லையா?

இருக்கிறது. ஆனால் பார்வையாளரை விருந்தினராக மாற்றினால் அது பல மடங்காகிறது. கனடாவின் வினிப்பெக் நகரில் 1970 முதல் நடந்துவரும் ஃபோக்லோரமா விழா இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பல பண்பாட்டினரும் ஒரே மைதானத்தில் கடை விரிப்பதில்லை. நகரின் வெவ்வேறு பகுதிகளில் ஒவ்வொரு சமூகமும் தன் கூடத்தைத் தானே அமைத்து, தன் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்துகிறது. வருபவர் அந்த வாசலுக்குச் சென்று, அந்த மக்களால் வரவேற்கப்பட்டு, உள்ளே போகிறார். யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்பது தெளிவாக இருக்கிறது. விருந்தாளிக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. கூடவே காலணியை எங்கே விட வேண்டும் என்று விசாரித்து நடந்துகொள்ளும் கடமையும் உண்டு.

விழாக்கள் பிளவை வளர்த்ததும் உண்டு அல்லவா?

உண்டு. அதை மறைத்துப் பேசுவது விழாக்களுக்கு நன்மை செய்வதாகாது. 1964 ஜூலை 21 அன்று சிங்கப்பூரில் நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே மூண்ட கலவரம் பல உயிர்களைப் பலிகொண்டது. அதற்கு முன்பே அரசியல் பகைமை முற்றியிருந்தது. ஊர்வலம் அந்தப் பகைமை தெருவுக்கு வந்த இடமாயிற்று. பெருங்கூட்டம், உணர்வெழுச்சி, பொதுவெளி ஆகிய மூன்றும் நல்லிணக்கத்துக்கு எவ்வளவு உதவுமோ அவ்வளவு பகைமைக்கும் உதவும். துர்க்கைம் சொன்ன எழுச்சிக்குத் தனக்கென்று ஒரு திசை கிடையாது. அந்நாடு அந்த நாளை மறக்க முயலவில்லை. 1997 முதல் அதே ஜூலை 21-ஐப் பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடித்துவருகிறது. காயம் பட்ட நாளிலேயே மருந்தை வைத்த அந்த முடிவை நாங்கள் மதிக்கிறோம்.

இன்னொரு வகைத் தவறு ஏளனம். பெல்ஜியத்தின் ஆல்ஸ்ட் நகரத்துக் கார்னிவல் என்னும் வேடமிட்ட ஊர்வல விழா 2010-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 2019 ஊர்வலத்தில் யூதர்களைக் கொச்சையாகச் சித்திரிக்கும் உருவங்கள் ஒரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டன. கடும் கண்டனம் எழுந்தது. எல்லோரையும் கேலி செய்வதே எங்கள் மரபு என்று நகரத்தார் வாதிட்டனர். அந்த ஆண்டு டிசம்பரில் அவ்விழா பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதிகாரத்தில் இருப்பவரைக் கேலி செய்வதும், வதைபட்ட வரலாறு உடைய ஒரு சிறுபான்மையைக் கேலி செய்வதும் ஒன்றல்ல. மரபு என்ற சொல் அந்த வேறுபாட்டை அழித்துவிட முடியாது.

பழந்தமிழர் இந்த ஆபத்தை அறிந்தே இருந்தனர். புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நடக்கும் இந்திர விழாவை முரசறைந்து அறிவிக்கும் இடம் மணிமேகலையில் வருகிறது. நகரை அலங்கரியுங்கள் என்று சொல்லும் அதே அறிவிப்பு, வெவ்வேறு சமயத்தார் பட்டிமண்டபம் ஏறி முறைப்படி வாதிடட்டும் என்கிறது. பகைவரை எதிர்ப்பட்டாலும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிப் போங்கள் என்றும் சொல்கிறது. கருத்து வேறுபாட்டுக்கு மேடை தந்து, தெருச் சண்டைக்கு இடம் தராத அந்த ஏற்பாட்டை இன்றைய விழாக்குழுக்களும் கருத்தில் கொள்ளலாம்.

ஒரு சமூகம் தன் விழாவைத் தனியே கொண்டாடுவது, மற்றவர்களிடமிருந்து விலகி நிற்பது ஆகாதா?

இந்த அச்சம் பெரும்பாலும் சிறுபான்மையினரின் விழாக்களைப் பற்றியே எழுகிறது. பெரும்பான்மையினர் தம் விழாவைக் கொண்டாடும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

கனடாவின் மேற்குக் கரைப் பழங்குடி மக்கள் பொட்லாட்ச் என்ற பெருவிழாவை நடத்தினார்கள். பெயர் சூட்டல், மணம், இறந்தோர் நினைவு, பதவியேற்பு எல்லாவற்றுக்கும் சாட்சியாக ஊரைக் கூட்டி, பொருளை வாரி வழங்கும் விழா அது. கொடுப்பவரின் பெருமை கொடுத்த அளவைப் பொறுத்தது. இதை வீண்செலவு என்றும் முன்னேற்றத்துக்குத் தடை என்றும் கருதிய அரசு, 1885 முதல் சட்டப்படி தடை செய்தது. 1921-இல் ஒரு பொட்லாட்சுக்குப் பின் பலர் கைது செய்யப்பட்டனர்; முகமூடிகளும் சடங்குப் பொருள்களும் பறிக்கப்பட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. 1951-இல்தான் அந்தத் தடைப் பிரிவு சட்டத்திலிருந்து நீங்கியது. பறிக்கப்பட்டவற்றில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்று வைப்பதற்காக அந்த மக்கள் 1980-இல் அலர்ட் பே என்னும் ஊரில் தமக்கென ஒரு பண்பாட்டு மையம் திறந்தனர். விழாவைத் தடுத்ததனால் அவர்கள் மற்றவர்களோடு நெருங்கிவிடவில்லை. ஆறாத மனக்குறையும், தலைமுறைகளுக்கு இடையே அறுந்த தொடர்பும்தான் மிஞ்சின.

இதற்கு எதிர்ப்புறமாக லண்டனைப் பாருங்கள். 1958-இல் நாட்டிங் ஹில் பகுதியில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பின மக்கள்மீது வெள்ளை இளைஞர்கள் நடத்திய தாக்குதல்கள் கலவரமாக வெடித்தன. டிரினிடாட்டில் பிறந்த இதழாளர் கிளாடியா ஜோன்ஸ், அதற்கு மறுமொழியாக 1959 ஜனவரியில் செயின்ட் பான்கிராஸ் நகர மண்டபத்துக்குள் ஒரு கரீபியக் கார்னிவலை நடத்தினார். குளிர்காலம் என்பதால் மண்டபத்துக்குள். அடிபட்ட மக்கள் தலைநிமிர்வதற்காக, தம்மவர்க்காகவே நடத்திய விழா அது. பின்னர் 1966-இல் சமூகப் பணியாளர் ரோன் லாஸ்லெட், நாட்டிங் ஹில் பகுதியில் வாழ்ந்த பல இனத்துப் பிள்ளைகளுக்காகத் தெரு விழா ஒன்றைத் தொடங்கினார். கரீபிய இசைக்குழுவினர் அதில் கலந்துகொண்டு தெருவில் இறங்கி நடந்தனர். இந்த இரு ஓடைகளும் சேர்ந்து இன்றைய நாட்டிங் ஹில் கார்னிவல் ஆயிற்று. ஐரோப்பாவின் மிகப் பெரிய தெரு விழாக்களில் ஒன்றாக, ஆகஸ்டு இறுதியில் எல்லா இனத்தாரும் கூடும் விழாவாக அது நடந்துவருகிறது.

தன் விழாவைத் தன் மனநிறைவுக்குக் கொண்டாட முடிந்த சமூகமே பிறரை அச்சமின்றி உள்ளே அழைக்கிறது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. வாசலைத் திறப்பதற்கு முதலில் ஒரு வீடு வேண்டும்.

விழாவின் வடிவத்தை மாற்றினால் மரபு கெட்டுவிடாதா?

மாறாத விழா என்று ஒன்றைக் காட்டுவது கடினம். டிரினிடாட்டில் ஆங்கிலேய ஆட்சி 1880-களில் தோல்முரசுகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. மக்கள் மூங்கில் குழல்களைத் தரையில் தட்டி இசைத்தனர். பிறகு கைக்குக் கிடைத்த தகரப் பெட்டிகளும், கடைசியில் எண்ணெய்ப் பீப்பாய்களும் வாத்தியங்களாயின. பீப்பாயின் அடிப்பாகத்தைச் சுத்தியலால் தட்டிப் பள்ளமாக்கிச் சுரம் பிரித்த ஸ்டீல்பேன் இப்படிப் பிறந்தது. இன்று அது அந்நாட்டின் தேசிய வாத்தியம், 2023-இல் ஐ.நா. பொதுச்சபை ஆகஸ்டு 11-ஐ உலக ஸ்டீல்பேன் நாளாக அறிவித்தது. தடையிலிருந்து பிறந்த மாற்றமே மரபாயிற்று.

வெளியிலிருந்து வரும் மாற்றமும் உண்டு. மெக்சிகோ நகரில் இறந்தோர் நாளுக்காக 2016-இல் தொடங்கிய பெரும் ஊர்வலத்துக்கு, 2015-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தில் கற்பனையாகக் காட்டப்பட்ட ஊர்வலம் தூண்டுதலாக இருந்தது. இதைக் கண்டு வருந்துபவர்களின் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. எனினும் வீடுகளில் படையல் இடுவதும் கல்லறைகளில் விளக்கேற்றி விழித்திருப்பதும் தொடரும்வரை, ஊர்வலம் அதன்மேல் வந்து அமர்ந்த ஒரு புதிய அடுக்குதான். உள்ளே நடப்பது நின்றுபோய், வெளியே நடப்பது மட்டும் மிஞ்சினால் அப்போது கவலைப்பட வேண்டும். மாற்றத்தை யார் முடிவுசெய்கிறார்கள் என்பதும் முக்கியம். விழாவுக்கு உரியவர்கள் தாமே விரும்பி மாற்றினால் அது வளர்ச்சி. சுற்றுலாப் பயணிகளுக்கு வசதியான நேரம் என்பதற்காக வேறு யாரோ சடங்கை நகர்த்தினால் அது வேறு.

விளம்பரதாரர்களிடம் பணம் வாங்கலாமா?

வாங்கலாம். பதாகையில் பெயர் போடுவதற்கு மேல் எதையும் விற்காமல் இருந்தால் போதும். நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, பேச்சாளரை மாற்றும் உரிமை, நுழைவுக்குக் கட்டணம் விதிக்கச் சொல்லும் உரிமை ஆகிய மூன்றையும் விழாக்குழு தன் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கு இதனால் என்ன?

பெற்றோர் பிறந்த இடத்தைவிட்டு வேறு நாட்டில் வளரும் பிள்ளைகளைப் பற்றித்தான் இந்தக் கேள்வி மிகுதியும் வருகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி என்பது, பாட்டி கேட்கும் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லும் மொழியாகக் குறுகிவிடும் ஆபத்து இருக்கிறது. விழா அதை விரிக்கிறது. நாடகத்தில் ஒரு வரி பேச வேண்டும் என்பதற்காகப் பிள்ளை அந்த மொழியின் ஒலியைச் சரியாக உச்சரிக்கப் பயில்கிறது. தன் வயதுப் பிள்ளைகள் பலர் அதே மொழியைத் தடுமாறித் தடுமாறிப் பேசுவதைக் கண்டு தன் கூச்சத்தை விடுகிறது. பள்ளித் தோழர்களை விழாவுக்கு அழைத்துவரும் நாள் இன்னும் முக்கியமானது. தோழர் கேட்கும் ‘இது ஏன்?’ என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் பிள்ளை வீட்டாரிடம் வந்து கேட்கிறது. பெற்றோர் வற்புறுத்திச் சொல்லியிருந்தால் காதில் விழாத செய்தி, தோழனுக்குச் சொல்ல வேண்டும் என்னும்போது கவனமாகக் கேட்கப்படுகிறது.

இங்கே பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை மேடையில் ஏற்றுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பதினைந்து வயதானவர்களை விழாக்குழுவில் உட்கார வையுங்கள். ஒரு நிகழ்ச்சியின் முழுப் பொறுப்பையும் கொடுங்கள். தவறு செய்வார்கள்; செய்யட்டும். முதியவர்கள் மட்டுமே முடிவெடுக்கும் விழாவை அடுத்து எடுத்து நடத்த ஆள் இருக்காது.

அரசும் பன்னாட்டு அமைப்புகளும் எதுவரை தலையிடலாம்?

பண்பாட்டு வாழ்வில் தடையின்றிப் பங்குகொள்வது ஒவ்வொருவரின் உரிமை என்று 1948-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் உலகளாவிய பேரறிக்கையின் 27-ஆம் பிரிவு கூறுகிறது. அந்த உரிமைக்குப் பாதுகாப்புத் தருவதும், இடமும் விடுமுறையும் ஒதுக்குவதும் அரசின் கடமை. நியூசிலாந்து 2022-இல் மாவோரி மக்களின் புத்தாண்டான மத்தாரிக்கியைப் பொது விடுமுறையாக்கியது. வானில் ஒரு விண்மீன் கூட்டம் மீண்டும் எழுவதைக் கொண்டு குறிக்கப்படும் அந்த நாள், இப்போது நாடு முழுவதற்கும் உரிய நாளாகிவிட்டது. ஒரு சமூகத்தின் காலக்கணக்கை மற்றவர்களின் நாட்காட்டியில் அச்சிடுவது சிறிய செயலன்று.

எல்லைகளைத் தாண்டிய விழாக்களுக்கு நவ்ரூஸ் எடுத்துக்காட்டு. பாரசீக மரபிலிருந்து வந்த, இளவேனிலின் தொடக்கத்தில் வரும் இந்தப் புத்தாண்டை 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்க ஏழு நாடுகள் சேர்ந்து முன்மொழிந்தன. அவற்றில் இந்தியாவும் பாகிஸ்தானும் இருந்தன. 2016-இல் அது பன்னிரண்டு நாடுகளாயிற்று. பல பொருள்களில் ஒத்துப்போகாத அரசுகள் ஒரு விழா எல்லோருக்கும் உரியது என்று ஒரே தாளில் கையெழுத்திட்டது மனத்துக்கு நிறைவளிக்கிறது. ஐ.நா. மே 21-ஐப் பண்பாட்டுப் பன்முகத்தன்மைக்கான உலக நாளாக வைத்திருப்பதும் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் ஒரு நல்ல வாய்ப்பு.

உதவி செய்வதற்கும் உள்ளடக்கத்தை முடிவுசெய்வதற்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. எந்தப் பாடல் பாடப்பட வேண்டும், எந்த நினைவு சொல்லப்படக்கூடாது என்று அலுவலகம் தீர்மானிக்கத் தொடங்கினால் விழா அரசு நிகழ்ச்சியாகிவிடும்.

பல சமூகங்கள் சேர்ந்து நடத்தும் விழாவை எப்படித் தொடங்குவது?

நாள் குறிப்பதற்கு முன் நாட்காட்டிகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒருவரின் நோன்புக் காலத்தில் விருந்தை வைப்பதும், ஒருவரின் துக்க நாளில் இசையை வைப்பதும் தெரியாமல் நேரும் தவறுகள், கேட்டிருந்தால் நேர்ந்திருக்காது. ஒரு சமூகம் எல்லாவற்றையும் திட்டமிட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் மற்றவர்களை ‘கலை நிகழ்ச்சி தர’ அழைப்பது மிகப் பரவலான பிழை. முதல் கூட்டத்திலேயே எல்லோரும் இருக்க வேண்டும். தலைமையும் பணப்பொறுப்பும் ஆண்டுதோறும் கைமாற வேண்டும். ஒவ்வொரு சமூகத்துக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு என்பதால், ஒருவரையே அதன் ஒரே குரலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெண்களும் இளைஞர்களும் பேசும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

மேடை நேரத்தைச் சமமாகப் பங்கிடுவதைவிடக் கலந்து செய்யும் ஒரு நிகழ்ச்சி மேலானது. இரு வேறு மரபின் தாளக் கலைஞர்கள் ஒரே மேடையில் சேர்ந்து வாசிக்க ஒத்திகை பார்ப்பதற்குள், ஒருவர் எண்ணும் முறையை மற்றவர் கற்றுக்கொண்டுவிடுவார்.

பாதுகாப்பைக் கடைசியில் யோசிக்காதீர்கள். 2010-இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் நடந்த இசை விழாவில், உள்ளே வருபவர்களும் வெளியே போகிறவர்களும் ஒரே சரிவுப் பாதையில் நெருக்குண்டு 21 பேர் இறந்தனர். நுழையும் வழியும் வெளியேறும் வழியும் வேறாக இருக்க வேண்டும். இடத்தின் கொள்ளளவு தெரிந்திருக்க வேண்டும். கூட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர், காது கேளாதவர், பேரொலியைத் தாங்க முடியாதவர், கைக்குழந்தையோடு வருபவர் ஆகியோருக்கு இடம் இல்லாத விழா, பன்முகத்தன்மையைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அந்தப் பேச்சு நிற்காது.

வேறு சமூகத்தின் விழாவுக்குப் போகிறேன். எப்படி நடந்துகொள்வது?

படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்; வழிபாட்டிலும் துக்கத்திலும் இருப்பவர்களைக் கேட்காமல் எடுக்கவே எடுக்காதீர்கள். அவர்களுடைய புனித உடையை வேடிக்கைக்காக அணிய வேண்டாம். அவர்களே அணிவித்தால் மறுக்கவும் வேண்டாம். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவன்று. உங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாத ஒரு சடங்கில் பங்கெடுக்க வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. ஓரமாக அமைதியாக நின்றாலே போதும், வீட்டுக்காரர்கள் அதைப் புரிந்துகொள்வார்கள். முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க உதவுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் நடக்கும் பேச்சு, மூன்று மணி நேர நிகழ்ச்சியில் கிடைக்காதது.

விழா வெற்றி பெற்றதா என்று எப்படி அறிவது?

வந்தவர்களின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு இடம் பிடிக்க அது தேவைப்படும். ஆனால் அதோடு இன்னும் சில கேள்விகளை விழாக்குழு தன்னையே கேட்டுக்கொள்ளலாம். சென்ற ஆண்டு பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு வேலை செய்ய வந்தார்கள்? விழாக்குழுவினர் விழா அல்லாத காரியத்துக்காக ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனார்களா? இணக்கமின்மை ஒன்று வந்தபோது காவல் நிலையத்துக்கோ சமூக ஊடகத்துக்கோ போவதற்கு முன் தொலைபேசியில் நேராகப் பேசிக்கொள்ள இருவரிடம் எண் இருந்ததா?

பட்டினப்பாலை பாடிய புலவர், பல மொழி பேசும் வேற்றுநாட்டு வணிகர்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிதாக வாழ்ந்ததைச் சொல்ல ஓர் உவமை தேடினார். வெவ்வேறு இடத்துச் சுற்றத்தார் எல்லாம் விழா நடக்கும் பழைய ஊருக்கு வந்து கூடியதைப் போல என்றார். விழாவுக்கு அன்று ‘சாறு’ என்று பெயர். விழா முடிந்த மறுவாரம் உங்கள் தெருவில் அந்த வணிகர்களைப் போன்ற ஒருவர் நடந்து போகும்போது, பெயர் சொல்லி அழைத்து நின்று பேச எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று பாருங்கள். சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு அந்த எண்ணிக்கை கூடியிருந்தால், அடுத்த ஆண்டுக்கான முதல் கூட்டத்துக்கு இப்போதே நாள் குறிக்கலாம்.